பிரசவத்துக்கு அக்கா வரமாட்டாள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீயும் சகலையும் பொடியனும் சுகம்தானே? வயிற்றில் இருப்பது நன்றாக உதைக்கிறதா? பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் வெளியே வரும்வரை ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் உன் அக்கா பார்ப்பாள். பார்த்தால் கிழித்துப் போட்டுவிடுவாள்.

நீ அவளுக்கு அனுப்பிய செய்தி வந்தது. "மாசம் நெருங்குது, எப்பக்கா வர்றே, டிக்கெட் எடுக்கட்டுமா" என்று கேட்டிருந்தாய். அவள் படித்துவிட்டு போனை என் கையில் கொடுத்து, "நீங்களே ஏதாவது போடுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானும் தட்டித் தட்டி அழித்தேன். கூப்பிட்டுப் பேசலாம் என்றால் நம் வீடு உனக்குத் தெரியும், சமையல்கட்டில் கிசுகிசுத்தாலும் கட்டிலில் கேட்கும். வேனிலிருந்து கூப்பிட்டால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு அக்கா வரமாட்டாள். அங்கேயே நல்ல ஆளாக ஒருத்தரைப் பேசி வைத்துக்கொள்.

போன தடவை அம்மா இல்லாத குறை உனக்குத் தெரியக் கூடாது என்று ஹோட்டல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்தவள். உன்னைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை என்று சகலை இன்னும் சொல்வார். அவள் இப்போது வரவில்லை என்றால் உன் மனசு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நஷ்டஈட்டு அப்பீலும் தள்ளுபடி ஆகிவிட்டது. உனக்கு அவள் சொல்லியிருக்க மாட்டாள். முதல் தடவை சொன்ன அதே காரணங்கள்தான். ஹோட்டல் ரூமில் அந்தப் பெரிய மெத்தையைப் புரட்டி அவள் முதுகு போனபோது கூட யாரும் இல்லையாம், அதனால் சாட்சி இல்லை. கூட இருக்க வேண்டியவளை வேறு மாடிக்கு அனுப்பியதே சூப்பர்வைசர் அம்மாதான். ஆனால் "தனியாப் புரட்டச் சொல்லி நான் சொல்லலையே" என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்து இவள் அன்றைக்கே சொல்லாமல் மறுநாள் போய்ச் சொன்னாள், அது ஒரு குற்றம். ஸ்கேனில் டிஸ்க் விலகியிருப்பது தெரிகிறது, ஆனால் இந்த வயதில் எல்லோருக்கும் வருகிற தேய்மானம்தான் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். அவர் இவளைப் பார்த்தது வெளியே நிற்கிற ஆட்டோ கிளம்புகிற நேரம்கூட இருக்காது.

அப்புறம் அந்த வீடியோ.

விசாரணை அறையில் நானும் இருந்தேன். ஏ.சி. போட்ட சின்ன அறை, சுவரில் டி.வி. அவள் முதுகு போனதற்கப்புறம் வந்த பொடியன் பிறந்தநாளுக்கு நீ நெட்டில் போட்ட வீடியோவை ஓட்டினார்கள். அவன் தத்தித் தத்தி ஓடி வருகிறான், இவள் அவனை வாரித் தலைக்குமேல் தூக்குகிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பேசி முடிக்கிறவரை உன் அக்கா சிரித்த முகம் சுவரில் இருந்தது. கீழே நாற்காலியில் முதுகுப் பெல்ட் கட்டிக்கொண்டு இவள் உட்கார்ந்திருக்கிறாள். "இது நீங்கதானே" என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்றாள். "முதுகு வலிக்கிறவங்க இப்படிச் சிரிப்பாங்களாம்மா" என்று கேட்டார். "அவன் சிரிச்சான் சார், அதான் சிரிச்சேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் நடந்தது வீடியோவில் இல்லை. பின்னறையில் வெறுந்தரையில் படுத்து, தலையணையைக் கடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதே, வந்தவங்க சாப்பிட்டுப் போகட்டும்" என்று உன்னிடம் சொன்னாளே, நீ வெந்நீர்ப் பை வைத்துவிட்டாயே, அது உனக்கும் அவளுக்கும்தான் தெரியும். நீ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். கூடப் பிறந்தவள் அப்படித்தான் எழுதுவாள் என்று ஒதுக்கிவிட்டார்கள். பதறிப்போய் நீ வீடியோவை அழித்துவிட்டாயே, அதையும் விடவில்லை. மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் அழித்தீர்கள் என்று கேட்டார்கள். நீ எதைச் செய்திருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும், குட்டி.

மணி அடித்துவிட்டார்கள். பிள்ளைகள் வருகிறார்கள். நாளைக்குத் தொடர்கிறேன்.

மறுநாள். அதே வாசல்.

இன்று காலை அவளாகவே, "பதில் போட்டீங்களா" என்று கேட்டாள். போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். என்ன போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை என்று எழுதலாம் என்றுதான் நேற்று உட்கார்ந்தேன். எழுதினாலும் நீ நம்ப மாட்டாய். ஒரு நாள் சொன்னாள், "எதுக்குடி அதப் போட்டேன்னு ஒரே ஒரு தடவை கேக்கணும் போல இருக்குங்க. கேட்டா அவ தாங்க மாட்டா" என்று. சொல்லிவிட்டு, சந்தோஷத்தில்தானே போட்டாள் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். இரண்டும் அவள் மனசில் இருக்கிறது. ஆனால் அவள் வராததற்குக் காரணம் அது இல்லை.

இன்னும் மேலே ஒரு அப்பீல் இருக்கிறது. அதையும் போட்டாயிற்று. நம் வக்கீல் தம்பி நல்ல பையன். கண்ணைப் பார்த்துப் பேசாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "போட்டிருக்கேன் சார், ஆனா மனசுல ரொம்ப வச்சுக்காதீங்க" என்றான். அது முடிகிறவரை அக்கா வெளியூர் போகக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, தூக்குகிற மாதிரி யார் கண்ணிலும் படக் கூடாது என்றும் சொன்னான். அன்றிலிருந்து வீட்டில் ஜன்னல் திறப்பதில்லை. கொஞ்சம் வலி குறைந்த நாளில்கூட வாசலுக்குப் போனால் கைத்தடியோடுதான் போகிறாள். போன வாரம் ஒரு வாளித் தண்ணீரைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கீழே ஒருத்தன் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தானாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் என்று நினைத்து வாளியைப் போட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றவள், நான் வேலை முடிந்து வரும்போதும் அப்படியே நிற்கிறாள், தரையெல்லாம் தண்ணீர். அவன் யார் என்று விசாரித்தேன். எதிர்வீட்டை விலை பேச வந்த புரோக்கர். சொன்னால் சிரிப்பாள் என்று சொன்னேன். "இன்னிக்கு புரோக்கர்" என்று மட்டும் சொன்னாள்.

சமையல் இப்போது நான்தான். முன்பெல்லாம் ஒரு கல் உப்பு குறைந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைக் கிழிப்பாளே, இப்போது உப்பே போடாமல் வைத்தாலும் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறாள். திட்டு வாங்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போதும், இந்த அப்பீலை விட்டுவிடலாம் என்று நான் சொல்லாமல் இல்லை. வேன் வருமானத்தில் எப்படியோ ஓட்டிக்கொள்ளலாம், நீ தங்கச்சி வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் சும்மா இரு, அது போதும் என்றேன். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "பணம் கிடக்கட்டும். நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்காங்க. விட்டுட்டா அதுதான் நெசம்னு ஆயிடும்" என்றாள்.

அப்புறம்தான் உன்னைப் பற்றிச் சொன்னாள். "அவ பச்சப் புள்ளைய என் கையில குடுப்பா. வேணாம்னு சொல்ல எனக்கு வராது. வாங்கினா முதுகு போயிடும், கேஸும் போயிடும். வாங்காம உக்காந்திருந்தா அவ என்ன நெனைப்பா? நான் வரலைங்க." இதுதான் விஷயம். இதை உன்னிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தீர்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஹோட்டலில் அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் நம் தெரு முனையில்தான் பஸ் ஏறுகிறாள். சின்னப் பெண். மெத்தையைத் தனியாகப் புரட்டாதே என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

குட்டி, நீ இதற்கெல்லாம் அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மன்னிப்புக் கேட்டு எதுவும் எழுதவும் வேண்டாம். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், வேறு ஆள் கிடைத்துவிட்டது, நீ அலையாதே அக்கா என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. அவள் வரமாட்டேன் என்று சொல்ல வேண்டிய நிலை வர வேண்டாம்.

பிள்ளை பிறந்ததும் முதல் போன் இங்கே வர வேண்டும். ஆணா பெண்ணா, எத்தனை கிலோ என்றெல்லாம் அப்புறம் சொல்லலாம். போனைப் பிள்ளை பக்கத்தில் வை, அது அழுகிற சத்தம் இவள் காதில் விழட்டும். இவள் பதிலுக்கு ஒன்றும் பேசாவிட்டாலும் உடனே வைத்துவிடாதே. லைனிலேயே இரு. நான் அவள் பக்கத்தில் இருப்பேன்.

தாயும் பிள்ளையுமாக நல்லபடி வீடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உன் மாமா