ஸ்லாவிஷா கழற்றிய சட்டை

லெஸ்கோவாட்ஸ், செர்பியா

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? பயிற்சியில் இடிபட்டு எனக்கு மூக்கு லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று நான் பயிற்சி தரும் ரக்பி லீக் அணி தோற்றது. கடைசி நிமிடத்தில் ஸ்லாவிஷா பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டினான். பந்தைத் தரையில் அழுத்தியிருந்தால் வென்றிருப்போம். கால்பந்தில் வளர்ந்தவன், பந்தை வீசிவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான்! வேலியோரம் நின்ற கால்பந்துக்காரர்கள், "டேய், பந்தை எங்க வைக்கணும்னு கத்துக்கிட்டு வாங்கடா!" என்று சிரித்தார்கள்.

இன்று காலை எனக்கு முன்பே மைதானத்துக்கு வந்து, அவன் தனியாகக் கோட்டில் விழுந்து விழுந்து பழகிக்கொண்டிருந்தான். "இனிமே வச்சுட்டுத்தான் கழட்டுவேன், கோச்!" இவனை விட்டுவிட்டு நான் ஊர் திரும்புவேனா?

நம் பெதர்ஸ்டன் அணியின் ஆட்டத்துக்குப் போனால், என்னை அழைத்துப் போனைத் தூக்கிப் பிடியுங்கள். நம் ஊர்க் கூச்சலைக் கேட்டால் போதும்.

மாலைப் பயிற்சிக்கு நேரமாயிற்று.

உங்கள் ரஸல்

பி.கு.: ஆடும்போது பல்லில் மாட்டும் காப்பு இரண்டு கூடுதலாக அனுப்புங்கள். வேலியோரம் சிரித்தவர்களில் இரண்டு பேர் எங்கள் அணிக்குள் வந்துவிட்டார்கள்.