கேபிளைப் பிடுங்கிய பிறகு

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் நீ "தூங்குறா" என்று வைத்துவிடுகிறாய். கப்பல் வேலையிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டால் நானும் அதையே சொல்கிறேன்.

இன்று ஆய்வகத்தில் ஐந்து கணினிகளைச் சேர்த்து ஒன்றுபோல ஓட்டும் பாடம். ஒன்று தலைமை, மற்றவை அதன் சொல்படி. சோதனைக்காக நடுவில் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். துண்டிக்கப்பட்ட பக்கத்துக் கணினிகள் தலைமை செத்துவிட்டதென்று வேறொன்றைத் தலைமையாக்கிக்கொண்டன. பழையதும் உயிரோடுதான் இருந்தது. பாதிக்குமேல் கணினிகள் தன்னோடு இருக்கின்றனவா என்று தலைமை பார்க்கும் நிரல் வரியை மாணவர்கள் எழுதவில்லை. கேபிளைச் செருகிய பிறகும் இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரே கோப்பில் இரண்டும் எழுதி, கோப்பு பாழ். "மேடம், ஒரே அடுப்புல மாமியாரும் மருமகளும்!" என்று சிரித்தார்கள். நான் வகுப்பை அதோடு முடித்துவிட்டேன்.

இந்தக் கல்லூரிப் பருவம் முடிந்ததும் வந்து என் பிள்ளையை அழைத்துப்போகிறேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 11

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கம்ப்யூட்டர் கதை எனக்கு எதற்கு? சிட்டு கொழுகொழுவென்று இருக்கிறாள். நேற்று வாசலில் விழுந்தவள் "அம்மா" என்று என் மடிக்குத்தான் ஓடிவந்தாள். திருத்தவா முடியும்? "ஜாடைகூட உன்னோடதுதான்" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார் உன் அத்தான். உன் படத்தைப் பார்த்தால் ஏங்குகிறாள், எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இப்போதைக்கு வராதே. பச்சைப்பிள்ளையை இங்கும் அங்கும் இழுத்தால் தாங்காது.

அக்கா

ஆகஸ்ட் 15

அக்கா,

படத்தைத் திரும்ப மாட்டு. சனிக்கிழமை வருகிறேன். "நடுவுல போனா அடுத்த வருஷம் வேலைக்குக் கூப்பிட மாட்டோம்மா" என்றார் துறைத் தலைவர். போகட்டும். கணினி என்றால் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டலாம். பிள்ளையை என்ன செய்வது? அவள் துணிகளை எடுத்து வை, போதும்.

உன் தங்கை

ஆகஸ்ட் 19

சனிக்கிழமை நாங்கள் ஊரில் இல்லை. வீணாக அலையாதே.

அக்கா

சனிக்கிழமை

அக்கா,

இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். மணி அடித்ததும் உள்ளே மின்விசிறிச் சத்தம் நின்றது. சிட்டு "யாரு?" என்றாள். நீ "யாருமில்லடி கண்ணு" என்றாய். கேட்டுவிட்டது.

சண்டைக்கு வரவில்லை. நீயும் எங்களோடு வா, வந்து இரு. உன்னையும் அம்மா என்றே கூப்பிடட்டும். கதவை மட்டும் திற. வெளியிலிருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய்வரைக்கும் வருகிறது. என் குரலைக் கேட்டு, யாரோ என்று பயந்து அழுதுவிட்டால்?

உன் தங்கை