பக்கத்து நாற்காலிக்கு ஆள்

மார்ச் 4
எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்கூடத் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டால்தான் எனக்கு எழுத வருகிறது.

விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஓடுபாதைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விமானிகளிடம் பேச, மற்றவர் தவறு நேராமல் கவனிக்க. ஆள் பற்றாக்குறையாம், போன மாதத்திலிருந்து பக்கத்து நாற்காலியில் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கிறது. அது எதையும் கவனிப்பதில்லை.

மார்ச் 7
இன்றும் இடைவேளை இல்லை. ஊர்ப்பட்ட ஜனத்தோடு வரும் விமானத்தை வானத்திலேயே சுற்றிக்கொண்டிரு என்று அதட்டுகிற வாய்க்கு, ஷிப்ட் அதிகாரியிடம் "பாத்ரூம் போகணும் சார்" என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். குடும்பத்தின் முதல் பட்டதாரி கண்ட தீர்வு.

மார்ச் 8
நான் விமானம் ஓட்டுவதாக அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். திருத்தப் போனேன். "ஏதோ ஒண்ணு. மேலதானே இருக்கே" என்றாள்.

மார்ச் 12
ஒரு விமானத்தை இறங்கலாம் என்று சொன்னேன். சொன்னதை மறந்து, அதே ஓடுபாதையில் இன்னொன்றைக் கிளம்பச் சொல்லிவிட்டேன் — நானா? நானேதான். ஒன்று இறங்கி வருகிறதே, நிற்கட்டுமா என்று கிளம்ப இருந்த விமானியே கேட்டார். நின்றார்.

விமானத்துல இருந்தவங்க எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாங்க. எனக்குத்தான் இறங்கலை.

மார்ச் 13
'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் ஷிப்ட் அதிகாரி. பக்கத்தில் ஆள் இல்லாததையும் எழுதட்டுமா என்றேன். "அதெல்லாம் எதுக்கும்மா? உன் பேருதான் கெடும்." சரி சார் என்றேன். கல்லூரியில் இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் முதல் வகுப்பு கொடுத்தார்கள் போலிருக்கிறது.

எனக்கு முந்தைய ஷிப்ட் பார்க்கும் அக்கா வெளியே காத்திருந்தாள். "போன வாரம் எனக்கும் இதேதான்டி. நானும் கவனக்குறைவுன்னுதான் எழுதிக் கொடுத்தேன்."

மார்ச் 16
இன்று பிற்பகல் முழுக்க என் பக்கத்தில் ஷிப்ட் அதிகாரியே உட்கார்ந்து கவனித்தார். ஹெட்போன் மாட்டி வெகுநாளாகிவிட்டது போல, தலைகீழாக மாட்டினார்.

அவர் உட்கார நேர்ந்தது மதியம் ஷிப்ட் மாறும்போது. எங்கள் வேலையில், அடுத்த ஷிப்டுக்கு வருபவர் "எடுத்துக்கிட்டேன்" என்று சொன்னால்தான் பொறுப்பு கைமாறும். அதுவரை இருப்பவர் எழுந்திருக்க முடியாது. அக்கா நிலவரம் சொல்லி முடித்தாள். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வீரமெல்லாம் இல்லை, கைப்பையை மறுபடி அந்தப் பக்கத்து நாற்காலியில் வைக்க மனம் வரவில்லை.

"சொல்லும்மா, அவ வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்றார் அதிகாரி.

அக்கா ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு அவசரமில்லை சார். அவ பேசட்டும்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"பக்கத்துல ஒரு ஆள் போடுங்க சார். அப்புறம் எடுத்துக்கறேன்."