பட்ட வீரை மரத்துச் சின்னக்கிளி

அன்பான தம்பி முத்துக்கருப்பா,

நீ போன பிறகு ஊரில் நடப்பதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் கோயில்காட்டுக்கு இந்த மாசியிலும் உன் சின்னக்கிளி வந்தது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது லீவு நாளெல்லாம் அதன் பின்னால்தானே அலைந்தாய்? குருவி அளவுதான் இருக்கும், வாலே இல்லாதது போலக் குட்டையான பச்சை உடம்பு, முதுகுக்குக் கீழே சிவப்பு. மலைக்காட்டுப் பறவைக்குத் திருமயம் பக்கம் என்ன வேலை என்று பறவை பார்க்கிறவர்கள் உன்னைக் கேலி செய்தார்கள். படம் எடுத்துக் காட்டு என்றார்கள். படத்துக்காகக் கூட்டை நெருங்க மாட்டேன் என்று நீயும் பிடிவாதமாக இருந்தாய்.

அது வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கித்தான் தூங்கும் என்று நீ சொன்னபோது நானே நம்பவில்லை. நீ போன பிறகுதான் கண்ணால் பார்த்தேன். பெட்டைக்கிளி இலையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, நாம் முந்தானையை இடுப்பில் செருகுவது போல முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு பொந்துக்குப் பறக்கும். மரங்கொத்தி மாதிரி மரத்தைக் குடைய அதற்குத் தெரியாது. உளுத்த மரத்தில் ஏற்கெனவே இருக்கிற பொந்துதான் வேண்டும். நம் காட்டில் அப்படி இருந்தது அந்தப் பட்ட வீரை மரம். இந்த வருஷமும் அதில்தான் குடியிருந்தது.

கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. உன் மகன் செந்தில் சிங்கப்பூரிலிருந்து அப்பா நினைவாக என்று பணம் அனுப்பினான். காட்டுக்குள் டைல்ஸ் தரை, உயரக் கம்பத்தில் ஒரு போக்கஸ் லைட். தரை போடப் பட்டமரம் இடைஞ்சல் என்றது கோயில் கமிட்டி.

நம் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, சாமிக்குப் பொங்கல் வைக்க மட்டும் எடுக்கலாம். இத்தனை காலம் காடு பிழைத்ததே அந்தக் கட்டுப்பாட்டால்தான். அதையே பிடித்துக்கொண்டார்கள். மரத்தை வெட்டி அன்னதான அடுப்பில் வைத்துவிட்டால் தெய்வகுற்றம் இல்லையாம். என்ன புத்தி பார்த்தாயா?

நான் போய்ச் சொன்னேன். "பொந்துக்குள்ள குஞ்சு இருக்கு. கொஞ்ச நாள் பொறுங்க, பறந்துரும்." கமிட்டித் தலைவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "கிளிதானேக்கா, வேற எங்கிட்டாச்சும் போயிக்கிரும். அம்மன் கையில எம்புட்டுப் பெரிய கிளி வச்சிருக்கோம், அதைப் போயிப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். சிமெண்டில் முழ நீள வாலோடு ஒரு கிளி, பெயிண்ட் இன்னும் காயவில்லை.

மரம் விழுந்ததும் பொந்து பிளந்தது. இலைக் கிழிசல் மெத்தையில் மூன்று குஞ்சுகள், இறகுகூட முளைக்கவில்லை. ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது, பிறகு அதுவும் இல்லை. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். உன்னிடம் கேட்ட படம் இதுதானோ? கட்டையோடு அந்த மெத்தையும் அடுப்புக்குள் போனது. பந்தியில் பொங்கல் விழுந்தபோது எல்லாரும் நெய் வாசத்தைப் புகழ்ந்தார்கள். நான் இலையை மடக்கிவிட்டு எழுந்து வந்தேன். சாமி சோற்றை ஒதுக்கிவிட்டாள் என்று பேசுகிறார்கள், பேசட்டும்.

அதைவிட அருவருப்பு அந்த விளக்கு. கம்பத்தில் பெரிய எழுத்தில் 'அமரர் முத்துக்கருப்பன் நினைவாக' என்று எழுதியிருக்கிறது. விடிய விடிய எரிகிறது. தாய்க்கிளியும் தகப்பனும் சில சாயங்காலம் வந்து சுற்றிப் பார்த்தன. தொங்கித் தூங்க இருட்டாக ஒரு கிளைகூட இல்லை. இப்போது வருவதில்லை. உன் பெயரைச் சொல்லியே உன் கிளியை விரட்டிவிட்டார்கள்.

செந்திலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பாவுக்குப் பிடிச்ச எடம், அழகா இருக்கட்டும்னுதான் அத்தை செஞ்சேன்" என்று அழுதான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கோபம் உன் மேல்தான் வந்தது. பெற்ற பிள்ளையை ஒரு நாளாவது அந்தக் காட்டுக்குக் கூட்டிப் போனாயா? அவன் லீவில் வந்தபோதெல்லாம் நீ தனியாகத்தானே போனாய்?

விளக்கை அணைத்துவிடுங்கள் என்று அவனே கமிட்டிக்குச் சொல்லிவிட்டான். கொடுத்த பிறகு அது சாமி சொத்து, அணைக்க முடியாது என்கிறார்கள். சரி, விளக்கு அவர்களுடையதாகவே இருக்கட்டும். பெயர் நம்முடையது. உன் திதி வருவதற்குள் பட்டப்பகலில் ஏணி போட்டு ஏறி, கமிட்டிக்காரர்கள் பார்த்திருக்க அதைச் சுரண்டி எடுப்பேன். அந்த வெளிச்சத்தில் உன்னை நிற்க விடமாட்டேனடா, இது சத்தியம்.

உன் பெயரை அழிக்கப்போகும்,
உன் கூடப்பிறந்த அக்கா
மீனாள்