தவறிப்போன குரல் பதிவு

அன்புள்ள கஜா,

உன் முழங்கால் வலி தணிந்ததா? பணி ஓய்வுக்குப் பின் மிரி நகரில் கிடைத்த இந்த ஆசிரியர் வேலை எனக்கு நன்றாகவே போகிறது.

ஒன்று சொல்கிறேன், பதறாதே. ஞாயிறு மாலை உன்னை நினைத்து ஏங்கிப் பேசிய குரல் பதிவை, செலண்டாரில் என்னிடம் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நாற்பது பேர்! சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் ஹரிதாஸ் உடனே அழைத்தான்.

“சார், சீக்கிரம் டிலிட் பண்ணுங்க லா! நாங்க யாருமே கேக்கல.”

“உண்மையாவா?”

“நீங்க பாட ஆரம்பிச்சதும் நிறுத்திட்டோம் சார்.”

குழுவிலிருந்து உடனே நீக்கிவிட்டேன். ஆனால் கரும்பலகையை நான் அழிக்கலாம்; பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டதை அழிக்க முடியுமா? ஹரிதாஸ்தான் ஒவ்வொருவரிடமும் பேசி அவரவர் போனிலிருந்தும் நீக்க வைத்தான். இன்றுவரை அது வெளியே போகவில்லை. நம் கல்யாணப் படத்தையே பேஸ்புக்கில் போட விடாதவள் நீ. உன் மனத்தை நோகவிடாமல் காத்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் கண் கலங்குகிறது.

கொஞ்சம் முறுக்கு அனுப்பு. உன் பழைய போர்வை ஒன்றையும் வை. இங்கே குளிர் இல்லை, இருந்தாலும் வை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. என்னைத் திட்டுவதானால் கடிதத்திலேயே திட்டு. அதையாவது நான் மட்டும் படிக்கிறேன்.

உன்
பாலேந்திரன்