பானட்டில் காய்ந்த வேட்டி

என் ஆசை அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு இது இரண்டாவது சாரல். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது. உங்கள் கட்டில் வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் தம்பி சங்கரனிடம் மாட்டிக்கொண்டு.

பழைய பெட்ரோல் லாரியை வாங்கி, முதுகில் மர அறை கட்டி, இரண்டு கட்டிலும் அடுப்புக்கு ஒரு பலகையும் போட்டபோது கடையமே வந்து வேடிக்கை பார்த்தது. ஒரு கட்டில் எனக்கு என்றீர்கள். ஆனால் ஒரு சீசனுக்காவது என்னை ஏற்றிக்கொண்டு போனீர்களா? அண்ணன் தம்பி, கூட்டாளிகள் எல்லாரும் உடம்பு முழுக்க எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு கிளம்புவீர்கள். நான் வீட்டில் இருந்து வண்டி திரும்பி வரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்பேன்.

அது என்ன சத்தம். போகும்போது ஒழுங்காகப் போகிற வண்டி, வரும்போது தென்காசியிலிருந்து இருமிக்கொண்டே வரும். நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை, இரண்டு வேலை செய்யவில்லை என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். கடைசியில் ஒருநாள் நீங்களே தீர்ப்பும் சொன்னீர்கள். "மாடசாமி பய பெட்ரோல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துதான். வேற ஒண்ணுமில்ல."

சொன்னீர்களே, ஒரு தடவையாவது டாங்கியைத் திறந்து மோந்து பார்த்தீர்களா? போகும்போது ஊற்றிய பெட்ரோல்தானே வரும்போதும் இருக்கிறது? மாடசாமி ஓட்டுகிறவன், எதிர்த்துப் பேசத் தெரியாதவன். அதனால் பழி அவன் தலையில் சுலபமாக உட்கார்ந்தது. நீங்கள் அவனை விரட்டவில்லை. அதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

உங்கள் தம்பிக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது. இப்போது ஜெர்மன்காரன் சண்டைக் காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். இந்த நேரத்தில் பெட்ரோல் திருடன் என்ற பெயரோடு ஒருவனை வெளியே அனுப்பினால், வேறு எவன் அவனைத் தன் வண்டியைத் தொடவிடுவான்? அதைப் பற்றி அவருக்கென்ன கவலை. "குத்தாலம் போயிட்டு வந்துருவோம் மதினி, அண்ணன் சொன்ன மாதிரியே இவன ஊரறிய வெளிய தள்ளுதேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இந்த வருஷம் சமைத்துப் போட ஆள் வேண்டுமென்று என்னையும் வண்டியில் ஏற்றினார்கள். அப்படித்தான் நான் முதன்முதலாக உங்கள் கூட்டத்தின் லட்சணத்தைப் பார்த்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முழுக்குப் போடுகிறார்கள். ஈர வேட்டியை அரைகுறையாகப் பிழிந்து, இன்ஜின் சூட்டுக்குச் சீக்கிரம் காயும் என்று பானட்டின் மேல் விரித்துப் போடுகிறார்கள். இது யார் கண்டுபிடித்த வித்தை என்று கேட்டேன். "அண்ணன் பழக்கம்லா" என்று பெருமையாகச் சொன்னார் உங்கள் தம்பி.

தென்காசி வந்ததும் வண்டி இருமியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அந்த மகாராசன் வேட்டியை எடுத்து ஓரமாக வைத்தான், அதிலேயே கையைத் துடைத்தான், பானட்டைத் திறந்தான், எதையோ கழற்றினான், ஊதினான். அவன் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் இன்ஜின் சூட்டில் உள்ளே இருந்த ஈரம் காய்ந்துவிட்டது. வண்டி சரியாக ஓடியது. "காப்புரேட்டர்ல தூசி" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். வேட்டி மறுபடியும் பானட்டுக்குப் போயிற்று. நாங்கள் கடையம் வருவதற்குள் வண்டி மறுபடியும் இருமியது.

நான் இறங்கிப் பார்த்தேன், அத்தான். பானட்டின் நடுவில் மடங்குகிற இடத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, பிளக்கு வயர்களெல்லாம் வந்து கூடுகிற கறுப்பு மூடியின் மேல் விழுகிறது. அது நனைந்தால் வண்டி இருமுகிறது. இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். குனிந்தால் போதும். நீங்கள் யாரும் குனிகிற ஜாதி இல்லை.

மறுநாள் வாசலில் மாடசாமியைக் கணக்கு முடித்து அனுப்பத் தயாராக உட்கார்ந்திருந்தார் உங்கள் தம்பி. "மாடசாமி, வண்டிய எடுலே" என்றேன். இன்ஜின் சீராக ஓடியது. அரக்குக் கரை போட்ட உங்கள் வேட்டியை, பெட்டியிலிருந்து எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, பானட்டின் மேல் விரித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இருமத் தொடங்கியது, நீங்கள் வரும்போது இருமுகிற அதே மாதிரி.

உங்கள் தம்பி முகம் சுண்டிப் போயிற்று. "அப்போ அண்ணன் சொன்னது தப்புன்னு சொல்லுதியளா மதினி?"

"ஆமா, தப்புதான். உங்க அண்ணன் தப்பாச் சொன்னாவ. நீங்க அதப் பிடிச்சிக்கிட்டுத் தொங்குதிய. இவன் மண்ணெண்ணெய் ஊத்தல."

உங்களைத் தப்பு என்று நான் நாலு பேர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய வாய்தான் இது. என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கும்.

மாடசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா? "சொடலைக்குக் கெடா நேந்திருந்தேன் ஆச்சி. அவருதான் ஒங்க வாயில வந்து சொல்லிட்டாரு." கண்டுபிடித்தது நான், கிடா வாங்கிக்கொள்வது சுடலை மாடன். போகட்டும், அவன் வேலை நிலைத்தது. இன்றைக்குக் காலையிலும் அவன்தான் வண்டியை எடுத்தான்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். நேற்று அவ்வளவும் பேசி முடித்த பிறகும் வண்டி வாசலில் இருமிக்கொண்டே இருந்தபோது, எல்லாரும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று தோசைக்கல்லை ஏற்றித்தானே எனக்குப் பழக்கம்? கல் காய்ந்து புகைகிற வரை நின்றேன். யாரும் உள்ளே வரவில்லை.

உங்கள் வேட்டி இப்போது கொல்லைக் கொடியில் வெயிலில் காய்கிறது. ஈரத் துணி எதுவும் இனி அந்தப் பானட்டுக்குப் போகாது. உங்கள் சத்தம் அது ஒன்றுதான் மிச்சம் என்றாலும், மாடசாமி ஓட்டுகிற வரை அந்த வண்டியை நான் இருமவிட மாட்டேன்.

உங்கள் மாமன் மகள், உங்களோடு இன்னும் கோபம் தீராத பெண்டாட்டி,
பிச்சம்மாள்