மயில் கழுத்தும் மாப்பிள்ளை பேரும்

ஜூன் 10, திங்கள்

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அடுப்புப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கும்போது ஓரம் முதலில் எழும்புகிறதே, நடு ஏன் பின்னால் எழும்புகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் வழிந்துவிட்டது.

அவர் செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பார்த்திபன் என்னைத் திட்டுவதை விட்டுவிட்டார். திட்டினால்கூடத் தேவலாம்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன், "பஸ்ல போறப்ப இன்னா நெனச்சிகினு போவீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமேவா?"

"பஸ்ல போறேன்னு நெனப்பேன். வேற இன்னா?"

பொய் சொல்கிற ஆள் இல்லை. ஒன்றுமே ஓடாத தலை எப்படி இருக்கும்? பந்தல் பிரித்த மறுநாள் மண்டபம் மாதிரியா? ஒருநாளாவது உள்ளே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணப் புடவை முந்தானையில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் ஜரிகையில் நெய்து வாங்குவது இப்போது எல்லோருக்கும் ஆசை. எங்கள் பட்டுக் கடையில் அந்த டிசைனை எல்லாம் கம்ப்யூட்டரில் போடுவது நான்தான். நான் போட்டதைத்தான் தறி நெய்யும். தறிக்குச் சரி தப்பு தெரியாது.

இன்று முதலாளி ஒரு அரக்குப் புடவையை என் மேஜைமேல் பிரித்துப் போட்டார். முந்தானையில் இரண்டு மயில். கீழே "அன்புச்செல்வி – ராஜ்குமார்".

"நல்லாத்தான் கீது. மயில் கழுத்து பிரமாதம்," என்றார் சம்பந்தம் முதலாளி. "மாப்பிள்ளதான் வேற ஆளு."

மாப்பிள்ளை பேர் சந்தோஷ். ராஜ்குமார் போன மாசம் செய்த புடவையின் மாப்பிள்ளை. அந்த பைலையே எடுத்து, பெண் பேரை மாற்றினேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாற்றும்போது மயிலின் கழுத்து வளைவு கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. கழுத்து சரியானதும் அவ்வளவு சந்தோஷம். அப்படியே தறிக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பெண்ணின் அம்மா கடையிலேயே உட்கார்ந்து அழுதாராம், "அபசகுனம்"னு.

ஐயோ, எப்டி அந்தப் பேரு என் கண்ணுல படாம போச்சி? எத்தினி வாட்டி பாத்தேன்!

ஜூன் 20, வியாழன்

ஒரு தறியில் அதே அரக்குப் பாவு நூல் மிச்சம் இருக்கிறதாம். சரியான பேர் போட்டு வேறு புடவையை இரண்டு ஆள் மாறி மாறி நெய்கிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

புடவை நேற்று போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணமும் நடந்துவிட்டது. மண்டபத்திலிருந்து அந்தப் பெண்ணே போன் செய்தாள். பயந்துகொண்டே எடுத்தேன்.

"அக்கா, அந்த மொதப் புடவய இன்னா செய்வீங்க? எங்க வூட்டுக்காரர் கேக்கச் சொன்னாரு. யாரு அந்த ராஜ்குமாருன்னு காலையிலேர்ந்து என்னை ஓட்டிகினு கீறாரு."

சிரித்தேன். வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இனிமேல் பேர்ப் புடவையை நான் தொடக்கூடாது. பார்டரும், புடவை உடலில் வருகிற புட்டாப் பூவும் மட்டும். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மயில் கழுத்துக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்காருகிறேன். அதே நான் ஒரு பேரைப் பார்க்கவில்லை. கவனம் இல்லாதவள் என்றால் எதிலும்தானே இருக்கக்கூடாது? இரண்டு பேர் சேர்ந்து என் உடம்பில் குடித்தனம் இருக்கிறார்களா?

ஜூலை 2, செவ்வாய்

கடையில் கலர் பார்க்கிற பானுப்ரியா அக்கா சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணன் மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று வேலூரில் ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறாராம். போன வாரம் அவனைக் கூட்டிப்போனது இவள்தான்.

"அந்தம்மா ஒண்ணொண்ணா கேட்டுகினே போனாங்க. எனக்கு அவன் மொகம் வர்ல பவி, உன் மொகம்தான் வந்துச்சி. பெரியவங்களுக்கும் இருக்குமான்னு கேட்டேன். இருக்கும், முக்கியமா பொண்ணுங்களுக்குத் தெரியாமலே போயிடும்னாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. காது ஜிவ்வென்றது.

போனில் தேடிப் பார்த்தேன், அதைத் தமிழில் கவனக்குறைவு என்று போட்டிருக்கிறார்கள். குறைவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவனம் நிறையவே இருக்கிறது. கூப்பிட்ட இடத்துக்குத்தான் வருவதில்லை.

ஜூலை 13, சனி

வேலூருக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். நடுத்தர வயது அம்மா. நான் பேசப் பேச எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பேனாவில் மூடி இல்லை என்பதை மூன்று தடவை கவனித்தேன்.

"இது இப்பதான் வந்துச்சா, சின்ன வயசுலேர்ந்தே இருக்கா?"

"நான் எப்பவுமே இப்பிடித்தான் மேடம்."

"நீங்க சொன்னா பத்தாதும்மா. பன்னெண்டு வயசுக்குள்ள எப்படி இருந்தீங்கன்னு பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும். இப்பதான் வந்ததுன்னா தைராய்டு, தூக்கம், மனசுக் கஷ்டம்னு வேற எதையாவது பாக்கணும்."

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

ஜூலை 14, ஞாயிறு

தெள்ளாருக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு ஒரே கேள்வி: "மாப்பிள்ள ஏதாச்சும் சொன்னாரா?"

இல்லை என்றேன்.

"அப்ப எதுக்குடி டாக்டரு? ஆடி வெள்ளிக்கு படவேட்டுக்குப் போயி ஆத்தாளுக்குப் பொங்கல் வெச்சா செரியாப் பூடும்."

பொங்கலும் வைக்கலாம், டாக்டரிடமும் வா என்றேன். வருகிறாள்.

ஜூலை 20, சனி

இன்றைய நாளை விடாமல் எழுத வேண்டும்.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

டாக்டர் கேட்டார், "சின்ன வயசுல உங்க பொண்ணு எப்படிம்மா?"

"தங்கமான பொண்ணு டாக்டர். சொன்ன சொல்லு தட்டாது."

"எதையாவது தொலைச்சிட்டு வருவாங்களா?"

"எம்மாடி, எம்பொண்ணா? ஒரு குண்டூசி தொலைக்க மாட்டா."

"சொன்ன வேலைய பாதியில விட்டுட்டு வேற எங்கயாவது..."

"ஒரு கொறையும் கெடையாது. ரொம்ப சூட்டிகை. யாரை வேணா கேட்டுப் பாருங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "வெளிய போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க. நான் இருக்கேன்," என்றார்.

டீக்கடையில் எனக்கு அடக்க முடியவில்லை. "ஏம்மா பொய் சொன்ன?"

அம்மா டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவங்க கேக்கறதும், எழுதறதும்... உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்பிடித்தான் ஒக்காந்து கேட்டாங்க. பெத்தவளே புள்ளைய கொறை சொல்லுவாளா? நாளைக்கி உன் மாமியா அந்தக் காயிதத்த எட்தாந்து காட்டுனா?"

"அவங்க என்னைக் கட்டிகினு போகக் கேக்கலம்மா. நீ நெஜத்த சொன்னாதான் எனக்கு இன்னான்னு தெரியும்."

அம்மா டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "சொன்னா உனக்கு நல்லதா?" என்றாள்.

"நல்லது."

திரும்பி உள்ளே போனதும் டாக்டர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். புளி வாங்கக் கடைக்கு அனுப்பினால், மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு பொழுது சாய்கிற வரைக்கும் நின்றேனாம். வருஷா வருஷம் ஒற்றைச் செருப்போடு வந்தேனாம். "நல்ல மூளை, பொறுப்பு மட்டும் இல்ல"னு வாத்தியார் வீட்டுக்கே வந்து சொன்னாராம். பத்தாவது பரீட்சைக்கு ஹால்டிக்கெட்டை மறந்துவிட்டுப் போய், அப்பா சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தாராம்.

"நீங்க திட்டுவீங்களா?"

"அவங்கப்பா திட்டுவாரு. நான் எந்த மொகத்த வெச்சிகினு திட்டுவேன்? நானும் அப்பிடித்தானே."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஒரு வாட்டி களத்துல நெல்லக் காய வெச்சிருந்தோம். மேக்கால மழை வந்துச்சி. ஏரி மேல, சீலைய விரிச்சா மாதிரி, வெள்ளையா. எவ்ளோ அழகா வருதுன்னு பாத்துகினே நின்னுட்டேன். கிட்ட வந்து மேல கொட்டறப்பதான் நெல்லு நெனப்பு வந்துச்சி." அம்மா புடவை ஓரத்தை நீவிக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவரு என்னைக் களத்துல தனியா வுடறதில்ல. ஊர்ல எனக்கு இன்னா பேருன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

எனக்கு அந்தப் பேர் தெரியும். சின்ன வயதில் நானும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இருப்பது ஏ.டி.ஹெச்.டி.தான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை நானேதான் பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். காலையில் இருந்தது. மத்தியானம் பாத்திரம் துலக்கும்போது எங்கிருந்தோ ஒரு ஆத்திரம்.

நான் சோம்பேறி இல்லியா? திமிர் புடிச்சவ இல்லியா? அப்ப இத்தினி வருஷம் வாங்குன திட்டெல்லாம் யாருக்கு? காலேஜ்ல பெயிலான அந்த ரெண்டு பேப்பர்... விடு.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாருக்கும்தான் மறதி கீது பவி. இதுக்கெல்லாமா பேரு வெச்சிட்டாங்க?" என்றார்.

தலைக்குள் ஒன்றுமே ஓடாதவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

ஜூலை 29, திங்கள்

முதல் மாத்திரை. பெரிதாக ஏதோ நடக்கும் என்று காத்திருந்தேன். வாய் உலர்ந்தது. பசி இல்லை.

அப்புறம் பாத்திரம் துலக்கினேன். துலக்கி முடித்த பிறகுதான் உறைத்தது: நான் பாத்திரம் மட்டும் துலக்கியிருக்கிறேன். நடுவில் எங்கேயும் போகவில்லை. மற்றவர்களுக்கு இதெல்லாம் இவ்வளவு லேசா? தினமுமா?

ஆகஸ்ட் 16, வெள்ளி

மாத்திரை எல்லாவற்றையும் செய்துவிடாது. கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்தேன். பானு அக்கா வீட்டு வளைகாப்புக்கு மறுநாள் போனேன். நல்லவேளை, மிச்சமிருந்த சோறு போட்டாள்.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ஒரு வேலையில் அழகான இடம் வந்ததும் மற்றதெல்லாம் எனக்கு மறைந்துபோகிறது. அதனால் அழகில்லாததை முதலில் முடிக்க வேண்டும். பேர், தேதி, அளவு, அப்புறம்தான் மயில். சோதித்துப் பார்க்க, பேர்ப் புடவை என் கையில் இல்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

அவரோடு சண்டை. கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போய்விட்டேன். "மாத்திர சாப்ட்டுமா?" என்றார். இரண்டே வார்த்தை.

நானும் கத்திவிட்டேன். "நான் வேணும்னு செய்யிறேன்னு நெனச்சிகினுதானே ரெண்டு வருஷமா பேசாம இருந்தீங்க?"

அவர் வெகுநேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து, "ஆமா. நான் சொல்றது உனக்கு ஒரு பொருட்டே இல்லன்னுதான் நெனச்சேன்," என்றார். "அது இல்லியா அப்ப?"

"இல்ல."

"செரி."

அந்த "செரி" எந்த மாதிரி செரி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

முதலாளியிடம் நானே போய்க் கேட்டேன். நோயின் பேரைச் சொல்லவில்லை. "பேர்ப் புடவை குடுங்க. ஆனா தறிக்கு அனுப்பறதுக்கு முன்னால வேற ஒருத்தர் பேரை வாய்விட்டுப் படிக்கணும். நான் போட்டத நானே பாத்தா தப்பு என் கண்ணுக்குத் தெரியாது."

"இது தெரிய உனக்கு இத்தினி வருஷமா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் சிரித்தார். நாளை ஒன்று வருகிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

பேரை முதலில் போட்டேன். பானு அக்கா சத்தமாகப் படித்தாள், கல்யாண ஓலை படிக்கிற மாதிரி. சரியாக இருந்தது. பிறகு அன்னத்தின் இறக்கையில் மூழ்கிப்போனேன். என்ன ஒரு சுகம்!

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில், "அந்த டாக்டரம்மா சனிக்கெழமதான் இருப்பாங்களா?" என்றாள்.

"ஏம்மா?"

"சும்மாதான்." அப்புறம், "என்னைப் பத்தி சொல்ல யாரு கீறா? எங்கம்மாதான் செத்துப் பூட்டாங்களே."

இதை நான் யோசிக்கவே இல்லை. ஐம்பத்து நாலு வயதுக்காரியின் சின்ன வயதை யார் பார்த்திருப்பார்கள்?

வெம்பாக்கம் முருகேசன் மாமா இருக்கிறாரே என்றேன். அம்மாவுக்கு அண்ணன்.

"அண்ணனா? அது வந்தா எல்லாத்தையும் சொல்லிப்புடுமே!"

"அதாம்மா வேணும்."

அக்டோபர் 19, சனி

டாக்டர் வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா உள்ளே அம்மாவோடு இருக்கிறார். சுவர் தாண்டி அவர் குரல் கேட்கிறது. நடு நடுவே அம்மா, "அதெல்லாம் இல்ல டாக்டர்," என்கிறாள். உடனே அவளே சிரித்துவிடுகிறாள்.

அப்பா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அம்மாவுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அதுக்குப் பேரு இன்னா சொன்ன?"

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"மாத்திர காலையிலயா, சாயங்காலமா?"

"இன்னும் மாத்திரையே எழுதலப்பா. உள்ள பேசிகினுதானே கீறாங்க."

"எழுதுனா?" என்றார். "அவ மறந்துடுவா. நான்தானே எடுத்துக் குடுக்கணும்."